பழைய நிலப்படமும் ஊர்ப்பெயராய்வும்: மாம்பல ஏரிப் பகுதி பற்றிய ஒரு திறனாய்வு

நகரின் புறத்தே கிடந்த வயலும் ஏரியும் தோப்பும் எவ்வாறு தெருவும் மனையுமாக மாறின என்பதனை ஆராய்வார், அண்மைக்காலத்தில் பழைய நிலப்படங்களைப் பெரிதும் துணைக்கொள்கின்றனர். வெவ்வேறு ஆண்டுகளின் படங்களைக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இருந்தது இது, மறைந்தது இது என வரையறுக்கின்றனர். இம்முறை வரவேற்கத்தக்கதே. ஆயின், படம் காட்டுவதே நிலம் எனக் கொள்ளும் போக்கும் அதனுடன் வளர்ந்து வருகின்றது. நிலப்படமும் ஒரு பனுவலே. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியர்க்குரிய விழிப்பு, படத்தைப் படிப்பார்க்கும் வேண்டும் என்பதே ஈண்டு நாம் நிறுவக் கருதுவது. சென்னையின் நுங்கம்பாக்கம், மாம்பலப் பகுதியை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

1909இல் வெளிவந்த இம்பீரியல் கெசட்டியர் நிலப்படத் தொகுதியில் சென்னை நகரின் படம் உள்ளது. அதன்கண், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஏரியொன்றைக் காண்கின்றோம். ஆங்கிலேயர் அதனை 'லாங் டேங்க்' என்றனர். அதன் வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி எனவும் தென்பகுதி மயிலாப்பூர் ஏரி எனவும் வழங்கின. 1920இல் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1923 முதல் ஏரியின் பெரும்பகுதி வடிக்கப்பெற்று, மாம்பலம் குடியிருப்புத் திட்டம் உருவாயிற்று. அதுவே இன்றைய தியாகராய நகர். எஞ்சிய வடபகுதியும் பின்னர்த் தூர்க்கப்பெற, அந்நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 1909ஆம் ஆண்டின் படத்தையும் இக்காலப் படத்தையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஏரி மறைந்தமை விளங்கும். யாரால், எதன்பொருட்டு மறைந்தது என்பது விளங்காது. இரு படங்களுக்கு இடைப்பட்ட வரலாற்றைச் சட்டமும் அரசு ஆவணமுமே கூறவல்லன.

படத்தின் குறைகளுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கன. ஒன்று, ஏரியின் எல்லை பற்றியது. நம் நாட்டு ஏரி வடகிழக்குப் பருவமழையில் பெருகிக் கோடையில் சுருங்குவது. பரப்பு மாறிக்கொண்டே இருப்பது. படமோ அதனை ஒரு கோட்டினுள் அடைத்துவிடுகின்றது. அக்கோட்டையே அளவாகக் கொண்டு இத்துணை நீர்ப்பரப்பு இழந்தோம் எனக் கணக்கிடுவது, ஒரு பொழுதின் தோற்றத்தை எக்காலத்துக்கும் ஏற்றுவதாகும்.

மற்றொன்று பெயர் பற்றியது. தமிழாய்வாளர் நெஞ்சில் இருத்தவேண்டியது. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் அடையாற்றின்மேல் 'மார்மலாங்' பாலம் என ஒன்று குறிக்கப்பெறும். ஆர்மீனிய வணிகரான கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையருகே கட்டுவித்த பாலம் அது. மார்மலாங் என்னும் ஊரைத் தேடுவார் அதனை எங்கும் காணார். மாம்பலமே பிறமொழியாளர் நாவில் அவ்வாறு திரிந்தது. அவ்விடத்தே இன்று நிற்பது மறைமலையடிகள் பெயர் தாங்கிய பாலம். தமிழறியாதார்க்கு இம்மூன்று பெயர்களின் தொடர்பு புலப்படுதல் அரிது.

இனி, படம் நம் சொல்லாய்வுக்குச் செய்யும் உதவியை நோக்குவோம். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' (1946) தமிழில் இத்துறைக்கு வழிகாட்டிய நூல். அது முதலாக, இலக்கியமும் கல்வெட்டுமே ஊர்ப்பெயராய்வின் பெருஞ்சான்றுகளாக இருந்து வருகின்றன. பாக்கம் என்பதற்கு நெய்தல்நிலத்து ஊர் என்பது நிகண்டுகள் கூறும் பொருள். ஆயின் நுங்கம்பாக்கமும் கோடம்பாக்கமும் கடற்கரையில் இல்லை. செம்பரம்பாக்கம், சிட்லபாக்கம், அயப்பாக்கம் ஆகிய ஊர்களும் கடலினின்று விலகி, ஏரியை அடுத்தே அமைந்துள்ளன. திணை நோக்கின் இவை மருதநிலத்து ஊர்கள். நீர்நிலையை அடுத்த குடியிருப்பு என்னும் பொருளும் இச்சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் இருந்திருக்கலாமோ என ஐயுறுவதற்குப் படம் இடந்தருகின்றது. எனினும் துணிந்துரைத்தல் ஆகாது. தொண்டை மண்டலத்தில் ஏரியில்லா ஊர் அரிது. ஆதலின் ஏரியை அடுத்திருத்தல் ஒன்றே சான்றாகாது. பாக்கம் என முடியாத ஊர்களையும் உடன்வைத்து எண்ணிப் பார்த்த பின்னரே முடிவு கூறல் தகும். படம் வினாவை எழுப்புகின்றது. விடையைச் சொல்லாய்வே தேடல்வேண்டும்.

ஏரி மறைந்த பின்னர் எழுந்த பெயர்களும் ஆராயத்தக்கன. தியாகராயர், பனகல் அரசர், நடேசன், டி. எம். நாயர் ஆகிய நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் அந்நகரின் தெருவிலும் பூங்காவிலும் நிலைபெற்றன. ஒரு காலத்து அரசியலை அப்பெயர்கள் காட்டும். அடியில் கிடந்த நீரை அவை காட்டா. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்டு ரோடு', 'லேக் ஏரியா' என இன்றும் வழங்குகின்றன. தமிழ் ஏரி தன் நினைவை ஆங்கிலப் பெயர்களில் விட்டுச் சென்றது வியப்பிற்குரியது. இப்பெயர்களைத் தமிழாக்குவோர் 'ஏரிக்கரை' என்னும் பொருள் கெடாமல் தமிழாக்குவாராக. பொருளைக் களைந்து வேறு பெயர் சூட்டின் அவ்விடத்து எஞ்சிய சான்றும் அழியும்.

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது தியாகராய நகரின் தெருக்கள் நீரில் மூழ்கின. மழைநீர் வடிகாலின் குறையும் மாம்பலம் கால்வாயின் சுருக்கமும் அதற்குரிய காரணங்களாகப் பேசப்பெற்றன. அவற்றோடு நிலத்தின் பழைய இயல்பையும் சேர்த்து எண்ணல்வேண்டும். தாழ்ந்த நிலத்தை நாடுவது நீரின் இயல்பு. ஏரியாய் இருந்த இடத்துக்கு அது மீண்டும் வருதல் இயற்கையே.

ஆகவே, நிலப்படத்தை ஒதுக்குதலும் தவறு. அதனையே முழுச்சான்றாகக் கொள்ளுதலும் தவறு. படம், கல்வெட்டு, அரசு ஆவணம், ஊர்வழக்கு ஆகிய நான்கனையும் ஒப்புநோக்கி, முரண்படும் இடத்தில் காரணம் தேடுவதே முறை. சென்னையைச் சூழ்ந்த எல்லா ஊர்களுக்கும் இவ்வாறு பெயரடைவும் படவடைவும் ஒருங்கே தொகுக்கப்பெறல் வேண்டும். பழைய வழக்கை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணி தொடங்கப்பெறல் நலம்.