கமராப் பையின் இலட்சணம்

குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதையும், குரு கங்கை அரசிலை வடிவில் வீழ்கின்ற போபத் எல்லவும் மழை ஓயாத பிரதேசத்தில் அமைந்திருப்பதால், இங்கே கமராவைச் சுமந்து நடப்பவன் தன் பையிடம் முதலில் வேண்டுவது அலங்காரமன்று, ஈரத்திலிருந்து ரட்சணையே.

1973இல் இங்கிலாந்தில் மீன்பிடிப்போருக்கான பைகளைத் தைக்கத் தொடங்கிய பில்லிங்ஹாம் நிறுவனம், அவற்றை நியூயோர்க் புகைப்படக் கலைஞர் விரும்பி வாங்குவதை அறிந்த பின்னரே கமராப் பைகளின் பக்கம் திரும்பியது. இரு துணிகளுக்கிடையே ரப்பர்ப் படலத்தை வைத்து இணைத்த அந்தக் கன்வஸ், ஆற்றங்கரைக்கென்றே பிறந்ததாகையால், நம் மலைச்சாரலுக்கும் உகந்தது.

ஆயினும் என் மனம் சாய்வது, பிலடெல்பியாவில் பத்திரிகைப் புகைப்படக்காரராயிருந்த ஜிம் டொம்கி 1970களின் நடுவில் உருவாக்கிய பையின்பால்தான். கனத்த மெத்தைகளை ஒதுக்கி, இடுப்போடு இசைந்து வளைந்து, கண் பார்க்காமலே கை வேண்டிய வில்லையைத் தொட்டெடுக்கும் சௌகரியத்தையே அது பிரதானமாகக் கொண்டது. மூடுபனி கணப்பொழுது விலகி மலைமுடி தரிசனமாகும் வேளையில், சிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு நிற்பவனுக்கு அக்காட்சி கிட்டாது. வழுக்குப் படிகளில் இரு கரங்களும் சுதந்திரமாயிருக்க, தோளில் நழுவாத அகன்ற வாரும் அத்தியாவசியம்.

எத்துணை உத்தமமான பையும் ஈரத்தோடு மூடப்பட்டால் விரோதியாகிவிடும். வில்லையில் பூஞ்சணம் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். ஆகவே, வீடு திரும்பிய அன்றே பையை வெறுமையாக்கிக் காற்றாட விரித்துவிட்டு, வில்லைகளைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்துவிடுங்கள்.