பூதப்பாண்டியனும் அவன் தேவியும்: வன்புலத்திலிருந்து ஒரு வாசிப்பு

ஆங்கில இலக்கியம் படித்தவனிடம் கவிஞத் தம்பதி என்று சொன்னால் பிரௌனிங் தம்பதிதான் ஞாபகத்துக்கு வருவார்கள். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான். 1846இல் ரகசியமாக மணந்துகொண்டு இத்தாலிக்குப் போனவர்கள். கடவுள், கவிதை, உடம்பு, வீட்டு வாடகை என்று எதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் இருக்கின்றன. நம்முடைய தம்பதியிடமிருந்து புறநானூற்றில் கிடைப்பது ஆளுக்கொரு பாட்டு. 71ஆம் பாட்டு ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனுடையது. 246 அவன் தேவி பெருங்கோப்பெண்டினுடையது. அவன் பெயரில் அகநானூற்றிலும் ஒரு பாலைப் பாட்டு உண்டு. பெருங்கோப்பெண்டு என்பதோ பெயரே அல்ல, பட்டத்தரசி என்று மட்டும் பொருள். பாட்டு தங்கிவிட்டது, பெயர் தங்கவில்லை.

உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகு இந்த இரண்டு பாட்டுக்கும் நாம் ஒட்டிய சீட்டுகள் வீரம், கற்பு. மேடையில் இன்றும் இதுதான் நடக்கிறது. இந்தச் சீட்டுகளைக் கிழிக்காமல் இரண்டையும் படிக்க முடியாது என்று எனக்குப் படுகிறது.

முதலில் அவன் பாட்டு. அது ஒரு வஞ்சினம். திரண்டு வரும் பகைவரை முதுகிடச் செய்யாவிட்டால் எனக்கு இன்னின்னது நேரட்டும் என்று அடுக்குகிறான். முதலாவது, மனைவியைப் பிரிவது. 'அவள்' என்று சொல்லவில்லை, 'இவள்' என்கிறான். பக்கத்தில் நிற்கிறாள் போலும். அடுத்து, அறம் பிறழாத அவையில் தகுதியற்ற ஒருவனை அமர்த்திய பழி. பிறகு மாவன், ஆந்தை, அந்துவன் சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் என்ற நண்பர்களோடு சிரித்திருக்கும் இன்பத்தை இழப்பது. கடைசியில் வருவதுதான் எனக்கு முக்கியம். தென்புலம் காக்கும் குடியிலிருந்து நீங்கி, பிறருடைய வன்புலம் காப்பவனாக மறுபிறப்பில் பிறக்கட்டும் என்கிறான்.

நான் வீரசோழன்காரன். மழையை நம்பிக் கண்மாய், கண்மாயை நம்பி வயல். இரண்டும் பொய்த்த வருஷங்களில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பூமி. ஒரு பாண்டியன் தன் சாபப் பட்டியலின் உச்சத்தில் வைத்த வன்புலத்தை வேறெங்கும் போய்த் தேட வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் அவன் பாட்டில் அது வெறும் சொல். அந்த நிலத்தில் என்ன விளையும், அங்கே எதைத் தின்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. வஞ்சினத்துக்கு நிலம் வேண்டாம், நிலத்தின் பெயரே போதும். அவனுடைய நம்பிக்கையும் அப்படிப்பட்டதுதான். சொன்ன சொல் பலிக்கும், மறுபிறப்பு உண்டு, நீதி தவறினால் பழி வரும் என்ற கம்பீரமான, பொதுவான நம்பிக்கை.

அவள் பாட்டு வேறு தளத்தில் இருக்கிறது. கணவன் மாய்ந்துவிட்டான். தீயில் இறங்காதே என்று சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவர்களைப் பொல்லாத ஆலோசனைக்காரர்கள் என்கிறாள். பிறகு பதினைந்து அடிப் பாட்டில் ஏறக்குறைய பாதியைக் கைம்பெண்ணின் இலைக்கும் படுக்கைக்கும் கொடுக்கிறாள். இலையில் கிடக்கும் பிழிந்த சோற்றுருண்டை, வெள்ளெள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பரல் மேல் படுக்கை. நெய் தொடக்கூடாது. அந்த நெய்யின் வெண்மைக்கு உவமை, அணில் முதுகைப் போல வரியோடிய காயை அரிந்தால் தெரியும் விதை. காய் அரிந்த கண்ணுக்குத்தான் இது தோன்றும். அரண்மனைக்காரி, ஆனால் அடுக்களையைப் பார்த்திருக்கிறாள். அதைவிட, கைம்பெண்களின் இலையைப் பார்த்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தாள். இருபத்திரண்டு வயதில் தாலி அறுத்தவள். மழை பெய்த நாலைந்து நாளில் கரிசலில் தானாக முளைக்கும் வேளைக்கீரையைப் பறித்துவந்து புளி விட்டுக் கடைவாள். கசக்கும். எங்களுக்குப் பரிமாற மாட்டாள், நாங்களும் கேட்டதில்லை. கல்லூரியில் 246ஐ உரையோடு படித்த அன்று, அந்தக் கீரைக்கு இரண்டாயிரம் வருஷ வயது என்று தெரிந்தது. அந்தப் பாட்டை வியந்து படிக்க அன்றைக்கு என்னால் முடியவில்லை.

கற்பு என்ற சொல் அந்தப் பாட்டில் இல்லை. மறுமையில்லை, தெய்வமில்லை. தாமரை விரிந்த பொய்கையும் தீயும் தனக்கு ஒன்றே என்பது கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பது முழுக்கச் சோறு. மதுரைப் பேராலவாயார் அடுத்த பாட்டில் அவளைப் பார்க்கிறார். ஈரக் கூந்தல், காடு, சற்றே தனித்தாலும் நடுங்கிய பழைய இளமை. அவர் அவளுக்கு நடுக்கத்தைக் கொடுக்கிறார். அவள் தனக்கு எடுத்துக்கொண்டது கோபம். கைம்மை நோன்பை அணங்கு என்ற ஆற்றலோடு சேர்த்து விளக்கினார் ஜார்ஜ் ஹார்ட், தன் 1975ஆம் வருஷத்து நூலில். அது வழக்கத்துக்கு விளக்கம். கவிதை அந்த வழக்கத்தை ருசி பார்த்துத் துப்புகிறது.

தம்பதியில் யார் பெரிய கவி என்று கேட்டால் தயங்காமல் அவள் என்பேன். இருவரும் அஞ்சியது ஒன்றைத்தான். வன்புலத்து வாழ்க்கை. அவன் அதைப் பெயராக அறிந்தான், அவள் பண்டமாக அறிந்தாள். அவர்கள் சாபமென்றும் இழிவென்றும் ஒதுக்கியதை எங்கள் பக்கத்தில் தினம் உண்டு, அதன் மேலேயே படுத்து எழுந்தவர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீயை நான் நியாயப்படுத்தவில்லை. தடுத்த சான்றோர்கள் செய்தது சரி. 1829இல் வங்காளத்தில் பெண்டிங்க் போட்ட சட்டமும், 1987இல் தேவ்ராலாவில் ஒரு பெண் எரிந்த பிறகு வந்த சட்டமும் அதையேதான் சொன்னன. பின்னது உடன்கட்டையைப் பெருமைப்படுத்துவதையும் குற்றமாக்கியது. நம் மேடைகளுக்கு அது எட்டவில்லை. ஆனால் சான்றோரின் ஆலோசனை அவளுக்கு ஏன் பொல்லாததாகிறது? போகாதே என்றவர்களிடம் அந்த இலையைத் தவிர மாற்று எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைத்தான் கற்பு என்ற சீட்டு மறைக்கிறது.

தொகுத்தவன் மறைக்கவில்லை. 248இல் ஒக்கூர் மாசாத்தனாரை வைத்திருக்கிறான். அங்கே ஒருத்தி தீப்பாயவில்லை. சின்ன வயதில் தழையாக உடுத்த அல்லியின் அரிசியை இப்போது வேளை தப்பி உண்கிறாள். 246க்கு உண்மையான உரை 248 என்பது என் எண்ணம்.

2023இல் ஆதரவற்ற விதவைகளின் ஓய்வூதியத்தை 1,200 ரூபாயாக்கினார்கள். அதை வாங்க என் கவுண்டருக்கு வருகிறவர்களில் சிலருக்கு, கூலி வேலையில் ரேகை தேய்ந்து, இயந்திரத்தில் விரல் விழாது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வேன். வைப்பார்கள். இவர்களில் யாரும் பாட்டு எழுதவில்லை. பெருங்கோப்பெண்டின் பாட்டில் ஏறக்குறைய பாதி இவர்களைப் பற்றியது என்று யாரும் இவர்களிடம் சொன்னதுமில்லை.