துங்குவின் உயர்ந்த கை

"காணொளியில் அசைவும் ஒலியும் உண்டு, ஆகவே நிழற்படம் இனித் தேவையில்லை." வாதக் கட்டுரைகளில் மாணவர்கள் அடிக்கடி எழுதும் வரி இது. படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஒரு சான்று கேட்டுப் பாருங்கள், கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

நம் ஊர்ச் சான்றையே எடுப்போம். 1957 ஆகஸ்ட் 31, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என முழங்கினார். படச்சுருளில் பதிவான அந்த நிகழ்வை இன்று காணொளியாகப் பார்க்கலாம். கூட்டம் திருப்பி முழங்கியது அதில்தான் கேட்கும். நிழற்படம் அதைச் சொல்லவே சொல்லாது. இதை ஒப்புக்கொண்டுதான் ஆகணும். ஆனாலும் அந்த நாளை நினைத்தால் உங்கள் மனத்தில் முதலில் வருவது எது? உயர்ந்த அந்தக் கைதானே! காணொளியில் அது எழும், உடனே இறங்கிவிடும். நிழற்படத்தில் இறங்குவதே இல்லை. நீங்கள் பார்க்கிற வரைக்கும் அப்படியே நிற்கும்.

இன்னும் கடினமான சான்று சைகோனில் இருக்கிறது. 1968-இல் தெருவில் ஒரு கைதி சுடப்பட்ட கணத்தை எட்டி ஆடம்ஸ் நிழற்படமெடுத்தார். என்பிசி ஒளிப்பதிவாளர் வோ சூவும் அங்கேயே நின்று படம்பிடித்தார். கைதி கீழே விழுவதுகூட அதில் உண்டு. உலகம் நினைவில் வைத்திருப்பதோ ஆடம்ஸின் படத்தை. ஆனால் நிழற்படங்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன என்று ஆடம்ஸே பின்னாளில் எழுதினார். மறுபாதி காணொளியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்: அந்தக் கைதி அதற்கு முன் என்ன செய்தார் என்பது அதிலும் கிடையாது.