தாங்குவது வேறு, அசையாதது வேறு

2019-இல் பீக் டிசைன் நிறுவனத்தின் பயண ட்ரைபாடுக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 1.2 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியின் பட்டியலைப் புரட்டினாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் மடங்கும் கார்பன் கால்கள்தான். 61 மெகாபிக்ஸல் கேமராவுக்கு லட்சங்களைக் கொட்டுகிறவரும் ட்ரைபாட் என்றதும் கேட்கும் முதல் கேள்வி, எடை எவ்வளவு? கூடவே ஒரு நியாயமும் தயாராக இருக்கிறது: கையோடு எடுத்துப்போகிற ட்ரைபாடுதான் நல்ல ட்ரைபாடாம்.

இருக்கட்டும். கொல்லிமலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையைப் படம்பிடிக்கப் போகிறவரை மூன்று கிலோ சுமக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை. அவர் கையில் 24 மி.மீ. லென்ஸ் இருந்தால் லேசான ட்ரைபாட் தாராளமாகப் போதும். என் சண்டை, பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் "தாங்கும் எடை" என்ற எண்ணோடு.

சோனி ஏ7ஆர் 4 கேமராவும் அதே கம்பெனியின் 100-400 லென்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ 2 கிலோ. பீக் டிசைன் தன் ட்ரைபாடுக்குச் சொல்லும் கணக்கு 9.1 கிலோ. நான்கு மடங்குக்கு மேல் உபரி. பிறகென்ன கவலை என்று தோன்றும். கடைகளிலும் இதே வித்தைதான்: விற்பனையாளர் கால்களை விரித்து வைத்து, இரண்டு கைகளையும் ஊன்றித் தன் பாரத்தையே அதன்மேல் போட்டுக் காட்டுவார். ட்ரைபாட் உடையவில்லை, சரி. ஊஞ்சல்கூட நாலு பேரைத் தாங்கும். அதில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்க முடியுமா? இந்த எண்ணை அளக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட முறையும் கிடையாது. அவரவர் கம்பெனி அவரவர் கணக்கு.

கேட்க வேண்டியது, எவ்வளவு தாங்கும் என்பதல்ல. எவ்வளவு முறுகும், அதிர்ந்தால் எத்தனை நொடியில் அடங்கும் என்பதே. அந்த சோனியில் ஒரு பிக்ஸலின் அகலம் 3.76 மைக்ரான். 400 மி.மீ. லென்ஸில், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொருளில் அது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கேமரா அந்த அளவு திரும்பினாலே ஒரு பிக்ஸல் இடம் மாறிவிடும். 2008-இல் வந்த 12 மெகாபிக்ஸல் நிக்கான் டி700-இல் பிக்ஸல் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. அன்று கண்ணில் படாத நடுக்கம் இன்று அப்பட்டமாகத் தெரிகிறது. கேமரா இவ்வளவு தூரம் வந்தபிறகு, கால்களை மட்டும் மெலிய வைத்ததை முன்னேற்றம் என்கிறார்கள்.

மெலிவதன் விலை என்ன? குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் பாதியானால், வளைவை எதிர்க்கும் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் காலை ஐந்து அடுக்காக்குகிறார்கள். மேலே 28 மி.மீ. குழாயில் தொடங்கி அடுக்குக்கு மூன்று மி.மீ. குறைந்தால், தரையைத் தொடுவது 16 மி.மீ. குழாய். மேல் குழாயின் வலுவில் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் தேறாது. அப்படியும் உயரம் போதாமல் நடுத்தண்டை உயர்த்துகிறார்கள். மூன்று கால்மேல் ஒற்றைக் காலை நட்டு, லட்ச ரூபாய் லென்ஸை அதன் உச்சியில் ஏற்றி வைப்பதை யார் கண்டுபிடித்தார்களோ! கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் சரியாகும் என்பார்கள். கால்கள் தரையில் அழுந்தும், உண்மைதான். குழாய் தடிக்குமா? காற்றடித்தால் அந்தப் பையே ஆடி ட்ரைபாடையும் ஆட்டும்.

சந்தேகமிருந்தால் கடையிலேயே பார்த்துவிடலாம். உங்கள் நீண்ட லென்ஸை மாட்டி, லைவ் வியூவைக் கடைசிவரை பெரிதாக்கி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தில் நிறுத்துங்கள். லென்ஸ் ஹூடை விரல் நுனியால் ஒரு தட்டு. எழுத்து கூழாகி, துடித்து, மெல்ல மெல்லத்தான் பழைய இடத்துக்கு வரும். இரண்டு நொடி டைமர் போதும் என்று நம்புகிறவர்கள் அந்தத் துடிப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

கேமராவுக்குள்ளேயே நடுக்கம் தடுக்கும் வசதி வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்கிறார்கள் சிலர். அதே ஏ7ஆர் 4, சென்சாரை அரை பிக்ஸல் வீதம் நகர்த்திப் பதினாறு படம் எடுத்து, 240 மெகாபிக்ஸல் படமாகக் கோர்க்க வழி செய்கிறது. அப்போது சென்சாருக்கு அந்த வேலை மட்டுமே. நடுக்கத்தைத் தடுப்பது முழுக்க ட்ரைபாடின் பொறுப்பு. அந்த ட்ரைபாட் அரை பிக்ஸலுக்குக்கூட அசையக் கூடாது.

நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் 32 மி.மீ. மேற்குழாய், மூன்றே அடுக்கு, நடுத்தண்டு இல்லாதது என்று கேட்டு வாங்கலாம். கார்பன் கட்டுப்படியாகாவிட்டால் அதே பருமனில் அலுமினியம். எடை கூடும், அதிர்வு அடங்கக் கொஞ்சம் தாமதமாகும்; அப்படியும் ஐந்தடுக்குக் கார்பனைவிட மேல். இந்த வகை பெரும்பாலும் கடையின் முன்வரிசையில் இருக்காது, உள்ளேயிருந்து எடுத்துவரச் சொல்ல வேண்டியிருக்கும்.