ஷீராஸிலிருந்து கஸ்னிவரை: மிஷனெரிகளின் தரைவழிப் பயண எழுத்து

கிறிஸ்தவ மிஷனெரிகள் முஸ்லிம் நாடுகளைத் தரைவழியே கடந்துபோய் எழுதிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பயண நூல்களையும் இரு சாரார் படிக்கிறார்கள். திருச்சபையினருக்கு அவை தியாகத்தின் சாட்சி. காலனிய வரலாற்றை ஆராய்பவர்களுக்கு அவை பேரரசின் முன்னோட்டம் பார்த்தவர்களின் குறிப்புகள். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் இரு சாராருமே பயணியின் முகத்தை மட்டும் பார்க்கிறார்கள். அவர் தங்க இடம் ஒழித்துக் கொடுத்தவர், அவரோடு மணிக்கணக்கில் வாதாடியவர், கோவேறு கழுதைகளை ஓட்டிவந்தவர் ஆகியோர் அந்தப் பக்கங்களில் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை வைத்தே இந்த எழுத்தை எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். மனம்மாறியவர்களின் தொகையை வைத்துப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை தோல்வியின் கதைகள்.

ஹென்றி மார்ட்டினிடமிருந்து தொடங்கலாம். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் போதகராக 1806இல் இந்தியா வந்தவர். பாரசீகப் புதிய ஏற்பாட்டைச் செம்மைப்படுத்த 1811இல் கப்பலில் புஷெஹ்ர் துறைமுகத்தை அடைந்து, உச்சக் கோடையில் பாரசீக உடையில் ஷீராஸுக்கு மலையேறினார். அங்கே ஏறத்தாழ ஓராண்டு அவரை வைத்துப் பேணியவர் ஜாஃபர் அலீ கான். மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் மிர்சா சையித் அலீ. ஊரின் முல்லாக்கள் வந்தார்கள், கேட்டார்கள், மறுத்தார்கள். மதக் கல்வியில் பெயர்பெற்ற மிர்சா இப்ராஹீம் இஸ்லாத்துக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். மார்ட்டின் பாரசீகத்தில் பதில் எழுதினார். இந்த வாதங்களை சாமுவேல் லீ 1824இல் கேம்பிரிட்ஜில் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது மிர்சா இப்ராஹீமின் தரப்பும் சேர்ந்தே அச்சேறியது. காஷானின் அறிஞர் முல்லா அஹ்மத் நராகீ பிறகு எழுதிய ‘சைஃபுல் உம்மா’வும் மார்ட்டினுக்கான மறுப்புதான். ஒரு மனிதரின் பயணம் எதிர்த்தரப்பில் ஒரு நூல்வரிசையையே பிறப்பித்திருக்கிறது. மார்ட்டினை மட்டும் படித்துவிட்டு அந்த ஆண்டைப் புரிந்துகொண்டதாக நினைப்பது பாதி உரையாடலைக் கேட்டுவிட்டு எழுந்து போவதற்குச் சமம்.

1812 செப்டம்பரில் தப்ரீஸிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளை நோக்கிக் குதிரையில் புறப்பட்ட மார்ட்டின், அக்டோபர் 16 அன்று தோகாத்தில் இறந்தார். வயது 31. காய்ச்சலில் கிடந்த அவரை ஓய்வின்றி விரட்டிச் சென்ற வழிகாட்டி ஹசனை, பக்தி வரலாறுகள் ஏறக்குறைய ஒரு கொலைகாரனாகவே காட்டுகின்றன. ஹசன் ஒரு தாத்தார். அதாவது அரசின் அஞ்சலைக் குதிரையில் சுமந்து விரைபவன். விரைவுதான் அவன் தொழில். அவனைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் சாகக் கிடந்த ஒருவரின் குறிப்பிலிருந்துதான். மார்ட்டினின் துயரத்தை ஒரு துளிகூடக் குறைக்காமலே இதைச் சொல்லிவிட முடியும். ஆனால் யாரும் சொல்வதில்லை.

தனி ஆளாக அல்லாமல் குழுவாகப் போனவர்களில் முக்கியமானவர் அந்தோணி நாரிஸ் க்ரோவ்ஸ். எக்ஸெட்டரில் நன்றாகச் சம்பாதித்த பல் மருத்துவர். தொழிலை விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல், 1829இல் மனைவி மேரி, இரண்டு சிறுவர்கள், அவர்களுக்குப் பாடம் சொல்ல ஜான் கிட்டோ ஆகியோருடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், காக்கசஸ், தப்ரீஸ் வழியாக பாக்தாத் சேர்ந்தார். கிட்டோ பன்னிரண்டு வயதில் கீழே விழுந்து செவிப்புலனை இழந்தவர். காது கேளாத அவர் கிழக்கின் வீடு, உடை, கிணறு, கூடாரம் எல்லாவற்றையும் கண்ணால் சேகரித்தார். பிற்காலத்தில் அவரைப் புகழ்பெற்ற வேதாகம விளக்க எழுத்தாளராக்கியது அந்தச் சேகரம்.

1831இல் பாக்தாத்தில் கொள்ளைநோய் பரவியது. வெள்ளம் மதிலை உடைத்தது. பிறகு, ஆளுநர் தாவூத் பாஷாவை அகற்ற ஒட்டோமன் படை முற்றுகையிட்டது. பிரிட்டிஷ் பிரதிநிதி பாஸ்ராவுக்குப் புறப்பட்டபோது படகில் இடமிருந்தும் க்ரோவ்ஸ் போகவில்லை. மே மாதம் மேரி இறந்தார். அந்த மாதங்களின் நாட்குறிப்பு 1832இல் நூலானது. போதனைக்கு இடமே இல்லாமல் போய், தெருவில் கிடக்கும் பிணங்களையும் அனாதைக் குழந்தைகளையும் பார்க்கும் ஒரு மனிதனின் எழுத்து அது. இந்தத் துறையில் இதைவிட நேர்மையான பக்கங்கள் எனக்குத் தெரியாது. தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 1833இல் இந்தியா வந்த க்ரோவ்ஸின் கருத்துகளை ஏற்று, மிஷன் சம்பளமின்றி ஊழியம் செய்தவர் திருநெல்வேலியின் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்.

ஷுஷாவிலிருந்து க்ரோவ்ஸோடு பாக்தாத்வரை வந்தவர் பாசல் மிஷனின் பிஃபாண்டர். இஸ்லாத்தை மறுத்து அவர் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ நூல், 1854இல் ஆக்ராவில் நடந்த பெரும் விவாதத்துக்கு இட்டுச்சென்றது. எதிரே நின்ற ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ, ஐரோப்பியர்களே எழுதிய வேதாகம விமர்சன நூல்களைக் கொண்டு பிஃபாண்டரைத் திணறவைத்தார். கைரானவீயின் ‘இள்ஹாருல் ஹக்’ நூல் பின்னர் அரபுலகெங்கும் பரவியது.

க்ரோவ்ஸின் குழுவோடு சேர 1830இல் டப்ளினிலிருந்து கிளம்பிய இரண்டாவது அணி, வழியில் அலெப்போவில் நெடுநாள் தங்கியது. அதில் பிரான்சிஸ் நியூமனும் இருந்தார். கார்டினல் நியூமனின் தம்பி. அலெப்போவில் ஒரு முஸ்லிம் தச்சரோடு மதம் பேசியதை 1850இல் வெளியான தன் நூலில் அவர் எழுதியிருக்கிறார். தச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆங்கிலேயருக்குக் கடவுள் கப்பலும் பேனாக்கத்தியும் அச்சுப் புத்தகமும் கொடுத்திருக்கிறார், உண்மை மார்க்கத்தை மட்டும் எங்களுக்கென வைத்திருக்கிறார் என்ற பொருளில் பதில் சொன்னாராம். தான் சொல்ல வந்த அதே உறுதி தச்சரிடமும் அப்படியே இருப்பதை நியூமன் கண்டார். ஊர் திரும்பியபின் மரபான கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்தே படிப்படியாக விலகினார். பெயர்கூடப் பதிவாகாத அந்தத் தச்சர் இந்த இலக்கியத்தின் மிகப் பெரிய குரல்களில் ஒருவர்.

மிஷனெரி ஜோசப் வோல்ஃபின் புகாரா பயண நூல் (1845) விறுவிறுப்பானது. ஆனால் அதில் வோல்ஃபைத் தவிர வேறெவருக்கும் பேச வாய்ப்பில்லை. மில்ட்ரெட் கேபிள், ஈவா, பிரான்செஸ்கா பிரெஞ்ச் என்ற மூன்று பெண்கள் 1923க்குப் பின் கோபிப் பாலைவனத்தையும் சின்ஜியாங்கின் முஸ்லிம் ஊர்களையும் வண்டியின் வேகத்தில் கடந்தவர்கள். ஆண் பயணிகள் எட்டிப் பார்க்க முடியாத அந்தப்புரங்களும் அடுப்படிகளும் அவர்களுடைய நூல்களில்தான் திறக்கின்றன.

1960களில் ஜார்ஜ் வெர்வர் தொடங்கிய ஆப்பரேஷன் மொபிலைசேஷன் இளைஞர்கள் பழைய லாரிகளில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே இந்தியாவுக்கு வந்தார்கள். 1979இல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்தச் சாலையை மூடின. அந்த ஓட்டத்தின் எழுத்து வடிவம் ஜெபக் கடிதம். ஊருக்கு ஊர் தாண்டும் வேகத்தில் மிர்சா இப்ராஹீம் போன்ற ஒருவரை எதிர்கொள்ள நேரமேது?

2007 ஜூலையில் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் பேருந்தில் சென்ற தென்கொரியத் திருச்சபைக் குழுவினர் 23 பேரை கஸ்னியில் தாலிபான்கள் கடத்தினார்கள். இருவர் கொல்லப்பட்டனர். கொரியப் படைகளை ஆண்டிறுதிக்குள் விலக்குவதாகவும் ஆப்கானிஸ்தானில் மிஷன் பணியை நிறுத்துவதாகவும் சியோல் ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர்களில் பெரும்பாலானோர் மீண்டார்கள். கொரியாவில் திருச்சபைகளை நோக்கிக் கடும் கேள்விகள் எழுந்தன; எழ வேண்டியவையே. வெளிநாட்டினருக்கு மீட்டெடுக்க ஓர் அரசு உண்டு. அவர்களோடு பழகியதாகச் சந்தேகிக்கப்படும் உள்ளூர்க்காரருக்கு அது இல்லை. இன்று இப்பகுதிகளிலிருந்து வரும் மிஷன் கடிதங்களில் ஊர்ப்பெயர் இராது, ஆட்பெயர் மாற்றப்பட்டிருக்கும், படத்தில் முகம் மறைக்கப்பட்டிருக்கும். அந்த எச்சரிக்கை முற்றிலும் சரியானது. அதற்கான விலையாக, விருந்து வைத்தவரும் வாதாடியவரும் தங்கள் பெயரோடும் தங்கள் நியாயத்தோடும் இந்த எழுத்துக்குள் வரும் வழி அடைபட்டுப் போயிருக்கிறது.