திரில்லர் படங்களின் மரபுகள்: மறைப்பதும் சொல்லிவிடுவதும்

திரில்லர் என்பது பார்வையாளரைப் பதற்றத்திலும் எதிர்பார்ப்பிலும் வைத்திருக்கும் திரைப்பட வகை ஆகும். தமிழில் மர்மப்படம், திகில்படம், திரில்லர் ஆகிய பெயர்கள் பெரும்பாலும் வேறுபாடின்றி வழங்கப்படுகின்றன. இறுதியில் எதிர்பாராத திருப்பம் இருந்தாலே நல்ல திரில்லர் என்ற எண்ணமும் பரவியுள்ளது. இவ்வகையின் முதன்மை இயக்குநரான ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் சிறந்த படங்கள் பல இதற்கு நேர்மாறானவை.

மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு அவர் அடிக்கடி கூறிய எடுத்துக்காட்டு. முன்னறிவிப்பின்றி அது வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி மட்டுமே. குண்டை முதலிலேயே காட்டிவிட்டால், மேசையைச் சுற்றி நடக்கும் வெற்றுப் பேச்சுகூடப் பதற வைக்கும்.

ரோப் (1948) படத்தின் தொடக்கத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. கொன்றவர் யார், பிணம் எங்கே என்பதெல்லாம் பார்வையாளருக்குத் தெரியும். பிணம் உள்ள பெட்டியின் மேலேயே விருந்து பரிமாறப்படுகிறது. இறந்தவனின் தந்தையும் விருந்தினரில் ஒருவர். பிறகு பணிப்பெண் பெட்டியின் மேலுள்ள பாத்திரங்களை ஒவ்வொன்றாக அகற்றி, புத்தகங்களை உள்ளே வைக்கக் கொண்டுவருகிறாள். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, கேமரா அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் சிறிதும் அவசரப்படுவதில்லை. துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத இக்காட்சி, பல சண்டைக் காட்சிகளைவிட வலிமையானது.

வெர்டிகோ (1958) இன்னும் துணிச்சலானது. மூலமான பிரெஞ்சு நாவலில் முடிவில் வெளிப்படும் ரகசியத்தை, ஹிட்ச்காக் வெகு முன்பே ஜூடியின் நினைவுக்காட்சி வழியாகச் சொல்லிவிடுகிறார். அதன்பின் 'அவள் யார்?' என்ற புதிருக்குப் பதில், 'நாயகனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?' என்ற அச்சம் படத்தை நடத்துகிறது.

சைக்கோவில் (1960) அவரும் ரகசியம் காத்தார். தாமதமாக வருவோரை அரங்கினுள் விட வேண்டாம் என்றார். ஆனால், துப்பறிவாளர் படியேறும்போது ஏற்படும் நடுக்கம், அந்த வீட்டின் ஆபத்தை நாம் முன்பே அறிந்ததால் வருவது. முடிவில் மனநல மருத்துவர் அளிக்கும் நீண்ட விளக்கமே படத்தின் தளர்ந்த பகுதி.

தமிழில் பாடல்களே இல்லாமல் எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954), 'சுட்டது யார்?' என்று கேட்கும் மர்மப்படம். விடை தெரிந்தவர்களும் அதை மீண்டும் பார்க்கிறார்கள். இன்னொருவரைக் குற்றவாளியாகக் காட்டும் ஒவ்வொரு சாட்சியமும், அதைச் சொல்பவரின் உள்ளத்தையும் காட்டிக்கொடுக்கிறது. திருப்பத்தை மட்டுமே நம்பும் படங்களில் இரண்டாம் முறை பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.