நூலகத்துக்குள் கலை: வெறுங்கையோடு வந்தவர்களுக்கு எந்தத் தட்டு?

ஓர் இடத்தில் கலையைக் கொண்டுபோய் வைப்பது வேறு, அந்த இடத்தையே கலையின் பொருளாக்குவது வேறு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் யார் எதைச் செய்தாலும் 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயும் அழிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களும் கூடவே வந்து நிற்கும். அதைக் கணக்கில் எடுக்கும் படைப்பைத்தான் இடஞ்சார் கலை என்கிறோம்.

2004இல், புனரமைக்கப்பட்ட அந்த நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில் ஓவியர் தா. சனாதனன் 'வரலாறுகளின் வரலாறு' என்ற படைப்பை வைத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து போரின் நினைவைச் சுமந்த பொருள்களைச் சேகரித்து அடுக்கியிருந்தார். நூல்களை இழந்த இடத்தில் சனங்களின் பொருள்களே நூல்களாயின. வரலாற்றை எழுதும் உரிமையைச் சாதாரண வீடுகளுக்குக் கொடுத்தது அதன் பெரும் பலம்.

இதைப் பற்றி வீட்டில் கதைத்தபோது உம்மா கேட்டா: "எங்களிட்ட வந்து ஒரு பொருள் தாங்க எண்டு கேட்டிருந்தா எதக் குடுத்திருப்பம்? வெறுங்கையோடதானே வந்தம்."

அந்தக் கேள்வியை என்னால் தாண்ட முடியவில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். ஒஸ்மானியா கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்தில் கூட்டி அறிவித்தார்கள். போகும் வழியில் நகையையும் காசையும் பறித்தார்கள். 2004இல் எங்கட சனத்தில் பெரும்பாலானோர் புத்தளத்தில்தான் இருந்தார்கள். பொருளைச் சாட்சியாகக் கொள்ளும் கலைக்குப் பொருளே பறிக்கப்பட்டவன் எப்படிச் சாட்சி சொல்வான்? இது சனாதனன் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. அவர் கையாண்ட முறையின் எல்லை அது.

அந்த எல்லையை அவரே பிறகு கடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் வெளிவந்த அவருடைய 'முழுமையற்ற தோம்பு' பொருளைக் கேட்கவில்லை, நினைவைக் கேட்டது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கிய அந்த நூலில், இடம்பெயர்ந்த தமிழர்களும் முஸ்லிம்களும் இழந்த வீடுகளின் வரைபடங்களை நினைவிலிருந்து கீறியிருக்கிறார்கள். வெறுங்கையோடு வந்தவருக்கும் கிணறு எந்த மூலையில் இருந்தது என்பது தெரியும். பின்னர் நூலக அட்டைப் பெட்டியின் வடிவிலேயே போர்க்கால வாழ்வின் கதைகளை அடுக்கி ஒரு படைப்பையும் அவர் செய்தார்.

அடுத்த அடியை இளையவர்கள் எடுக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக நூலகம் என்று நினைக்கிறேன். நுண்கலையும் நாடகமும் பயிலும் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். நூலகத்தில் நிகழ்த்துகை என்றால் பறையும் கூச்சலும் வேண்டியதில்லை. படிக்கிற பிள்ளையைக் குழப்பாமல், நூலகத்தின் ஒழுங்கையே நாடகமாக்கலாம். சில வாசகர்கள் வழமைபோல் வந்து இருக்கட்டும். குறித்த நேரத்தில் புத்தகத்தை விரித்தபடி விட்டு வெறுங்கையோடு எழும்பிப் போகட்டும். அந்தக் கதிரைகளில் இரண்டு மணி நேரம் ஒருவரும் இருக்கக்கூடாது. எந்த அறிவித்தலும் வேண்டாம். இடமில்லாமல் நிற்கிறவர் 'ஏன் இந்தக் கதிரைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன?' என்று கேட்பாரே, அங்கேதான் கலை தொடங்கும்.

எங்களை வெறும் அகதிகளாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் அந்த நகரத்தின் வாசகர்களாகவும் எழுத்தாளர்களாகவும் இருந்தவர்கள். 1981 எரிப்பைப் பற்றித் தமிழில் மிகப் பரவலாக அறியப்பட்ட கவிதையான 'புத்தரின் படுகொலை'யை எழுதியவர் எம்.ஏ. நுஃமான். அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தவர். எரிந்த நூல்களுக்காக அன்று ஒரு முஸ்லிம் அழுதார். வெளியேற்றப்பட்ட வாசகர்களை யாழ்ப்பாணத்து நூலகங்கள் இன்னும் தங்கள் இழப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்கும் வேலையைக் கலை தொடங்கிவைக்கலாம்.